பானையைப் புதைத்தும் செடி வாடுவது ஏன்?

மண்பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் ஊற்றி வைக்கும் பாசனம், கி.மு. முதல் நூற்றாண்டுச் சீன வேளாண் நூலிலேயே பதிவாகியிருக்கிறது. இவ்வளவு பழைய, எளிய முறையைப் பலர் ஒரே பருவத்தில் கைவிட்டுவிடுவது வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் கோளாறு ஒன்றுதான்: பானைச் சுவரும் மண்ணும் ஒட்டவில்லை.

சுற்றியுள்ள மண் காயக் காய, சுவரின் நுண்துளைகள் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறைந்துவிடும். நடுவில் காற்று நின்றால் இந்த இழுப்பு அறுந்துபோகும்.

முதலில் பானையைச் சோதியுங்கள். தண்ணீர் நிரப்பி நிழலில் வையுங்கள். மறுநாள் வெளிப்புறம் முழுக்கச் சில்லென்று வியர்த்திருந்தால் நல்ல பானை. சொட்டினால் விரிசல். காய்ந்தே இருந்தால் அதிகமாகச் சுட்டது, அல்லது வண்ணமோ மெருகோ பூசியது, பாசனத்துக்கு உதவாது. அகன்ற வயிறும் குறுகிய வாயும் கொண்ட 5 முதல் 8 லிட்டர் பானை நான்கைந்து காய்கறிச் செடிகளுக்குப் போதும். பூந்தொட்டியைப் பயன்படுத்தினால் அடித்துளையைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.

குழி, பானையைவிடச் சுற்றிலும் 10 செ.மீ. அகலமாக இருக்கட்டும். தோண்டிய மண்ணில் கல், கட்டி பொறுக்கிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு மட்கிய உரம் கலந்து, நாலு விரல் உயரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கையால் அழுத்திக்கொண்டே நிரப்புங்கள். கடைசியில் கொட்டி மிதித்தால் வயிற்றுக்குக் கீழே கட்டாயம் பொந்து விழும். வாய்ப்பகுதி 3 செ.மீ. வெளியே தெரியட்டும், இல்லாவிட்டால் மழையில் சேறு உள்ளே போகும். மூடியில் இடுக்கு இருந்தால் கொசு முட்டையிடும், மறக்க வேண்டாம்.

நாற்றைச் சுவரிலிருந்து ஒரு சாணுக்குள் நடுங்கள். மணற்பாங்கான மண்ணில் ஈரம் பக்கவாட்டில் அதிகம் பரவாது, இன்னும் நெருக்கி நட வேண்டும். வேர் ஈரத்தை எட்டும்வரை, சுமார் இரண்டு வாரம், மேலேயும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். பானை இருக்கிறதே என்று இதை விட்டுவிடுவதால்தான் இளநாற்றுகள் சாகின்றன.

பானை பாதி காலியானதுமே நிரப்புங்கள். நீர்மட்டம் இறங்கினால் மேல்மண்ணுக்கு ஈரம் எட்டாது. அடிவரை அடிக்கடி வற்றினால் உப்பு படிந்து துளைகள் அடைபடும். சாணக் கரைசல், திரவ உரம் எதையும் பானைக்குள் ஊற்றாதீர்கள். அவற்றைச் செடியின் அடியில் விடுங்கள்.

தக்காளி, மிளகாய், பூசணி, தர்பூசணி எல்லாம் இதற்கு நன்றாக ஒத்துவரும். நெருக்கி விதைக்கும் கீரைப் பாத்திக்குப் பானை போட்டு மாளாது. பெரிய மரத்தருகே வேண்டவே வேண்டாம், வேர் சுற்றி நெரித்து உடைத்துவிடும்.

வழக்கத்தைவிடத் தண்ணீர் மெதுவாக இறங்கினால், அது மழைக்காலமும் இல்லையென்றால், அறுவடை முடிந்ததும் பானையைத் தோண்டி எடுங்கள். வினிகர் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, நார் பிரஷால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, மறுபடி வியர்வைச் சோதனை செய்த பிறகே புதைக்க வேண்டும்.