ஊர் முழுக்க ஒரே சாப்பாடு என்றால் நோயின் காரணம் எப்படித் தெரியும்?

அம்பாசமுத்திரம் பக்கம் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற யாரிடமாவது, இது ஏன் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். "எங்க ஆச்சிக்கும் இருந்துச்சு. வயசானா வரத்தானே செய்யும்" என்பார்கள். பரம்பரையும் வயதும் நம் கையில் இல்லை என்பதால் பேச்சு அதோடு முடிந்துவிடும். எனக்கு இந்தப் பதில் வருத்தமாக இருக்கிறது. ஆனால் சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊருக்குள்ளிருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரியும்.

நோய்ப்பரவலியல் ஒப்பிட்டுப் பார்க்கிற அறிவியல். நோய் வந்தவர்களிடம் இருந்து, வராதவர்களிடம் இல்லாதது எது என்று தேடும். 1950-இல் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை வைத்து, புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்ற இரண்டு பிரிட்டன் ஆய்வாளர்கள் இப்படித்தான் காட்டினார்கள். ஒரே ஊரில் நிறையப் புகைப்பவர், கொஞ்சம் புகைப்பவர், புகைக்காதவர் என்று எல்லா வகையும் இருந்ததால் அது முடிந்தது.

பிரஷருக்கு உப்பு ஒரு காரணமா என்று பார்க்க அந்த வசதி இல்லை. சோறு, குழம்பு, ஊறுகாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம், கருவாடு என்று ஊரே கிட்டத்தட்ட ஒரே மாதிரி சாப்பிடும்போது, உப்பே சேர்க்காத ஒருவரை ஒப்பிட எங்கே தேடுவது? எல்லாரும் ஒரே அளவு உப்பு சாப்பிட்டால், யாருக்குப் பிரஷர் வருகிறது என்பதைத் தீர்மானிக்க மிஞ்சுவது உடம்புவாகு மட்டும்தான். அதனால் எல்லாமே பரம்பரையாகத் தெரியும். ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டன் ஆய்வாளர் 1985-இல் இதைத்தான் எழுதினார்: எல்லாரும் தினம் 20 சிகரெட் பிடிக்கிற நாட்டில், நுரையீரல் புற்றுநோயை மரபணு நோய் என்றுதான் ஆய்வுகள் முடிவு கட்டும்.

ஒப்பிட ஆள் கிடைத்தாலும் வேறொரு சிக்கல் வரும். ஒரு கிராமத்தில் சர்க்கரை நோய் யாருக்கு என்று ஒரே நாளில் கணக்கெடுப்பதாக வைத்துக்கொள்வோம். கருப்பட்டிக் காப்பி குடிப்பவர்களிடம் நோய் அதிகம் என்று வரலாம். கருப்பட்டிதான் காரணமா? சுகர் வந்த பிறகு சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக்கு மாறியவர்களாக இருக்கலாமே! (கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான்.) எது முதலில் வந்தது என்று தெரிய, நோய் இல்லாதவர்களைப் பல வருடம் பின்தொடர வேண்டும். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-இல் தொடங்கிய இதய ஆய்வு அப்படிப்பட்டது.

சரி, உப்புக்கு வருவோம். ஊருக்குள் பதில் இல்லை என்றால் ஊர்களை ஒப்பிட வேண்டும். 1988-இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு, 32 நாடுகளில் 52 இடங்களில் சுமார் 10,000 பேரைச் சோதித்தது. ஒரு நாளைக்கு எத்தனை கிராம் உப்பு சாப்பிடுகிறோம் என்று நம்மில் யாராலும் சொல்ல முடியாது. அதனால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளந்தார்கள். சாப்பிட்ட உப்பில் பெரும்பகுதி அதில்தான் வெளியேறும். பிரேசில் காட்டில் வாழும் யானோமாமி மக்களின் சிறுநீரில் சோடியம் (உப்பில் இருப்பது) இல்லை என்றே சொல்லலாம். அவர்களுக்கு இரத்த அழுத்தம் குறைவு. அதைவிட முக்கியம், வயது ஏற ஏற அது ஏறவும் இல்லை. "வயசானா வரத்தானே செய்யும்" என்பது மனித உடம்பின் விதி அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் யானோமாமிகள் ஒல்லியானவர்கள், நாள் முழுக்க உடல் உழைப்பு, மது கிடையாது. இதில் உப்பின் பங்கு எவ்வளவு? குறைந்த உப்பு சாப்பிடும் நான்கு சமூகங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், மற்ற 48 இடங்களில் உப்புக்கும் சராசரி அழுத்தத்துக்கும் தெளிவான தொடர்பு இல்லை. வயதோடு அழுத்தம் ஏறும் வேகத்துக்கும் உப்புக்கும் உள்ள தொடர்பு மட்டும் அப்போதும் இருந்தது.

பரம்பரை என்ற கேள்விக்கு, இடம்பெயர்ந்தவர்கள் உதவுகிறார்கள். ஜப்பானிலும் ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களை 1960-களிலிருந்து ஒப்பிட்டார்கள். மாரடைப்பு ஜப்பானில் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிஃபோர்னியாவில் அதிகம். வம்சம் ஒன்றுதான், வாழ்க்கை வேறு. நம் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு கிளை ஊரிலும் ஒரு கிளை தாராவியிலும் இருப்பது சகஜம். அவர்களைக் கேட்டால் இதுபோல எத்தனையோ தெரியவரும் என்று தோன்றுகிறது.

கடைசியில் உப்பையே மாற்றிப் பார்த்தார்கள். சீனாவில் 600 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிக்கு சோடியம் குளோரைடு 75 பங்கும் பொட்டாசியம் குளோரைடு 25 பங்கும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். பக்கவாதம் வந்தவர்களும், பிரஷர் உள்ள 60 வயது தாண்டியவர்களுமாக சுமார் 21,000 பேர். ஐந்து வருடம் நெருங்கும்போது, மாற்று உப்பு சாப்பிட்ட கிராமங்களில் பக்கவாதம் மற்ற கிராமங்களைவிட 14 சதவீதம் குறைவாக இருந்தது. முடிவு 2021-இல் வெளியானது. இதைப் படித்ததும் கடையில் அந்த உப்பைத் தேடுபவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து. அவர்களை அந்த ஆய்விலும் சேர்க்கவில்லை.