கரையோர இடர் மதிப்பீடு: கருத்துச் சொல்ல 30 நாள், கோட்டைவிடும் இடங்கள் பல

முகத்துவாரம், மட்டக்குளி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கும், நீர்கொழும்பு, புத்தளம் பக்கம் களப்பை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் கரையில் ஒரு பெரிய ஹோட்டலோ, கல்லணையோ, நிலம் நிரப்புகிற வேலையோ வரப்போகிறது என்றால், அது அந்தக் கரையை என்ன பாடுபடுத்தும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுப் பார்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, அந்த மதிப்பீடு பற்றிய அறிவித்தல் வெளியானதிலிருந்து 30 நாளுக்குள் அதைப் படித்துக் கருத்துச் சொல்ல உங்களுக்கு உரிமையும் இருக்கிறது. அந்த உரிமை பெரும்பாலும் எதிர்ப்பு இல்லாததால் பறிபோவதில்லை. நாள் தவறியதால், அலுவலகம் மாறிப் போனதால், எழுதவேண்டியதை எழுதாததால் பறிபோகிறது.

சட்டப் பின்னணி சுருக்கமாக. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம்தான் அடிப்படை. 2011இல் திருத்தி, கரையோர மூலவள முகாமைத்துவத்தையும் பெயரில் சேர்த்தார்கள். அதன் கீழ் நாடு முழுவதற்கும் ஒரு முகாமைத்துவத் திட்டம் வரும், 2018இல் ஒன்று வர்த்தமானியில் வந்தது. கரையோர வலயத்துக்குள் அபிவிருத்தி வேலை செய்ய கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இவ்வளவு போதும், மிச்சத்தை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சூழற்றொகுதி (ஓர் இடத்து உயிர்களும் நிலமும் நீரும் சேர்ந்த தொகுதி) இடர் மதிப்பீடு என்று ஒரு தனிப் படிவம் உங்கள் கைக்கு வராது. அது முகாமைத்துவத் திட்டத்துக்குள்ளும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குள்ளும் தான் இருக்கும். கேட்கப்படுகிற கேள்விகள் எளியவை. இந்தக் கண்டல் காடு, இந்தக் களப்பு, இந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எவ்வளவு சுருங்கியிருக்கிறது, மிஞ்சியது எவ்வளவு கெட்டிருக்கிறது, முன்பு செய்த வேலையை இன்னும் செய்கிறதா? இயற்கை பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 50 வருட காலத்தில் ஒரு சூழற்றொகுதியின் பரப்பில் 30 வீதம் போயிருந்தால் அது பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது, 50 வீதம் போயிருந்தால் ஆபத்தில் இருப்பது, 80 வீதம் போயிருந்தால் மிக மோசமான ஆபத்தில் இருப்பது. இலங்கைச் சட்டம் இந்த அளவுகோலைத்தான் பாவிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அந்த 50 வருடம் என்பதை மனதில் வையுங்கள், ஏனென்றால் மக்கள் ஏமாற்றப்படுவது அந்த இடத்தில்தான்.

ஒரு காணியில் கண்டல் மரங்களை மூன்று வருடத்துக்கு முன் யாரோ இரவோடு இரவாக வெட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். இப்போது அறிக்கை எழுத வருகிறவர்கள் அங்கே நின்று பார்த்தால் என்ன தெரியும்? வெறும் சேற்று நிலம். "தாவரப் போர்வை குறைவு, தாக்கம் சிறிதளவு" என்று எழுதிவிடுவார்கள், எழுதியது பொய்யும் இல்லை, அன்றைக்கு அங்கே இருந்தது அவ்வளவுதான். எங்கிருந்து எண்ணத் தொடங்கினீர்கள் என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் 50 வருட இழப்பு பூச்சியமாகிவிடும். ஆகவே அறிக்கை கையில் கிடைத்தவுடன் முதலில் தேடவேண்டியது எந்த வருடத்து நிலையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பதை. ஒப்பிடவே இல்லை என்றால் உங்கள் கடிதத்தின் முதல் பத்தி அதுதான். பழைய நிலையைக் காட்டுவதும் முடியாத காரியம் இல்லை. நில அளவைத் திணைக்களத்தில் பழைய வரைபடங்களும் வான்படங்களும் உண்டு, 1956இல் எடுத்த வான்படங்கள் கூட இருக்கின்றன, நாரஹேன்பிட்டி கிருள வீதித் தலைமை அலுவலகத்தில் விசாரியுங்கள். கணினி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்செடுக்கலாம், அதற்குச் செலவே இல்லை.

அடுத்த பொறி பருவம். கொழும்புப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, கடல் கொந்தளிக்கும், கரை சுருங்கும், கரைவலை போடமாட்டார்கள். கரைவலைக் காலம் ஏறக்குறைய நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை. ஆய்வுக் குழு ஜூலையில் ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனால் அறிக்கையில் அந்தக் கரை ஆளில்லாத கரையாகத்தான் இருக்கும். கிழக்கில் இதே கணக்கு தலைகீழ், அங்கே வடகீழ்ப் பருவ மாதங்களில் வந்து பார்த்தால் இதே கதை. ஆகவே ஆய்வு எந்தத் திகதிகளில் செய்தார்கள் என்று பாருங்கள், ஒரு பருவம் மட்டும்தான் என்றால் அதை எழுத்தில் கேளுங்கள்.

காணி உறுதி இல்லை என்பதால் நமக்குப் பேச இடமில்லை என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம். அது பிழை. கருத்துச் சொல்லக் காணி உறுதி தேவையில்லை, அந்த இடத்தில் குடியிருக்கவும் தேவையில்லை, பொதுமக்களில் எவரும் எழுதலாம். கொழும்பின் வடக்கே ஆற்றுமுகத்துக்கு அருகில் வாடி (மீனவர் குடில்) வைத்திருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், மூன்று தலைமுறையாக அதே இடம், கையில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. ஒரு அலுவலகத்தில் "உறுதி இருக்கா ஐயா?" என்று கேட்டார்கள், பெரியவர் இல்லை என்றார், அப்படியானால் நீங்கள் இதில் சம்பந்தப்பட்டவர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அதை நம்பிப் போய்விட்டார். கேட்ட ஆளுக்கும் சட்டம் தெரியாது, போன ஆளுக்கும் தெரியாது, 30 நாளும் ஓடிவிட்டது. நட்டஈடு, மீள்குடியேற்றம் என்றால் உறுதி கேட்பார்கள், அது வேறு வழக்கு. கருத்துச் சொல்வதற்குக் கேட்கக்கூடாது. கேட்டால் வாதாட வேண்டாம், கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டுத் தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த 30 நாள் அறிவித்தல் வெளியான திகதியிலிருந்து தொடங்குகிறது, உங்கள் காதுக்கு எட்டிய நாளிலிருந்து அல்ல. பத்திரிகையின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும், யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியவரும்போது பாதி நாள் போயிருக்கும். விடுமுறை நாட்கள் கழியும் என்று கணக்குப் போட்டு உட்காரவேண்டாம், நாட்காட்டியில் 30 என்றே எண்ணுங்கள். முழு அறிக்கையும் படித்து முடித்துத்தான் எழுதவேண்டும் என்றும் இல்லை. முதலில் ஒரு பக்கக் கடிதம் போட்டு இடத்தைப் பிடியுங்கள், அப்புறம் நாள் முடிவதற்குள் விரிவாக இன்னொன்று அனுப்பலாம்.

மொழி விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். அறிக்கை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தடித்த புத்தகமாக இருக்கும், தமிழில் ஒரு சுருக்கம் இருந்தாலே பெரிய காரியம். அந்தச் சுருக்கத்தில் வரைபடங்கள் இருக்காது, எந்த மாதத்தில் ஆய்வு செய்தார்கள் என்பதும் இருக்காது, நமக்கு வேண்டியது எல்லாமே விடுபட்டிருக்கும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி கொழும்பில் இருந்துகொண்டும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள், ஆனால் அது வரும்வரை காத்திருந்து நாளைத் தொலைக்காதீர்கள், உங்கள் கருத்தைத் தமிழிலேயே அனுப்பிவிடுங்கள்.

இனி அலுவலக அலைச்சல். கரையோர வலயம் என்பது சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், கடல்பக்கம் தாழ்நீர்க் கோட்டிலிருந்து 2 கிலோமீற்றர். கடலோடு சேரும் ஆறு, களப்பு என்றால் அது கடலில் சேரும் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரை போகும், 2011 திருத்தத்துக்குப் பிறகு அந்த நீர்நிலைகளின் ஓரமாக 100 மீற்றரும் சேர்ந்துவிட்டது. கடல் கண்ணுக்கே தெரியாத இடத்தில் வீடு இருந்தாலும் நீங்கள் வலயத்துக்குள் இருக்கலாம் என்பதைப் பலர் நோட்டீஸ் வந்த பிறகுதான் அறிகிறார்கள். சரி, ஒரு திட்டம் முழுக்க இந்த வலயத்துக்குள் இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களம், மாளிகாவத்தை. கொஞ்சமாவது வெளியே நீண்டிருந்தால் தேசிய சுற்றாடல் சட்டமும் சேர்ந்துகொள்ளும், அது பத்தரமுல்லையில் இருக்கிற மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பக்கம். எல்லைக்கோட்டில் இருக்கிற திட்டம் என்றால் இங்கே போனால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இது எங்கட வேலை இல்லை என்பார்கள், நடுவில் பஸ் காசும் அரை நாள் கூலியும் போகும். அலையவே வேண்டாம். ஒரே கடிதத்தை இரண்டு இடத்துக்கும் முகவரியிட்டுப் பிரதேச செயலாளருக்கும் ஒரு பிரதி போடுங்கள். எந்த நிறுவனம் அனுமதி வழங்கப்போகிறது என்பதை எழுத்தில் அறியத் தரும்படி கடைசி வரியில் கேளுங்கள், பொறுப்பு அவர்கள் தலையில் விழும்.

எல்லா விண்ணப்பத்துக்கும் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கமாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கரையோரச் சட்டத்தில் அது பணிப்பாளர் நாயகத்தின் தீர்மானம். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அளவு வைத்திருக்கிறார்கள்: நிலம் நிரப்புவது 4 ஹெக்டேருக்கு மேல், ஹோட்டல் என்றால் 99 அறைக்கு மேல். ஆகவே 98 அறை என்று ஒரு விண்ணப்பம் வந்தால் கண்ணை விரித்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் காணிகளில் வெவ்வேறு கம்பனிப் பெயர்களில் மூன்று ஏக்கர், நான்கு ஏக்கர் என்று துண்டு துண்டாக நிரப்பிக்கொண்டு போவதைக் கண்டால் ஒவ்வொன்றையும் தனியாக எதிர்க்காமல், எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறித்து, சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு என்று கேளுங்கள். சேர்த்துப் பார்க்காத இடர் மதிப்பீடு மதிப்பீடே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கடிதத்தில் என்ன எழுதுவது? "நாங்கள் இதைக் கடுமையாக எதிர்க்கிறோம்" என்று எழுதி 200 பேர் ஒப்பம் வைத்தால் அதை ஒரே கருத்து என்று சுருக்கி ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியும். பத்துப் பேர் பத்துக் கடிதம் எழுதி, ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. நான் இந்த வாய்க்காலுக்கு வடக்கே இத்தனை வருடமாக வலை போடுகிறேன், இன்னின்ன மாதத்தில் இன்ன மீன் படும், மழைக்கு இந்தச் சேற்று நிலம்தான் தண்ணீரை வாங்கும், இதை நிரப்பினால் எங்கள் தோட்டத்துக்குள் முழங்கால் அளவு வரும். இடம், மாதம், அளவு இந்த மூன்றும் இருக்கட்டும். கூட்டுறவுச் சங்கப் பதிவு, பழைய பிடி கணக்கு, வெள்ளம் வந்தபோது ஃபோனில் எடுத்த படம் எல்லாம் இணையுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு உறுதிப்படுத்தல் கடிதம் வாங்க முடிந்தால் நல்லது, இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள், அது இல்லாமலும் கடிதம் செல்லும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருகிற திட்டம் என்றால், பொதுநலன் கருதி உங்கள் கருத்தை நேரில் கேட்டறியும்படி அதே கடிதத்தில் கோருங்கள், கேட்காதவர்களைத் தேடி வந்து விசாரணை வைக்கமாட்டார்கள்.

"வெட்டுகிற கண்டலுக்குப் பதில் இருமடங்கு நடுவோம்" என்ற வாக்குறுதி கிட்டத்தட்ட எல்லா அறிக்கையிலும் இருக்கும், அதை அப்படியே ஏற்கவேண்டாம். சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் நட்ட கண்டல் கன்றுகளில் பெரும்பகுதி பட்டுப்போனது, நீர்மட்டமும் உப்பும் பொருந்தாத இடங்களில் கொண்டுபோய்க் குத்தியதுதான் காரணம். எந்த இடத்தில், எந்த இனம், யார் எத்தனை வருடம் பராமரிப்பார், பட்டால் என்ன என்று கேளுங்கள். பதில் இல்லாத வாக்குறுதிக்கு மதிப்பீட்டில் புள்ளி கொடுக்கக்கூடாது என்று எழுதுங்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாநகர சபையோ நகர அபிவிருத்தி அதிகாரசபையோ வரைபடத்தை அங்கீகரித்தது கரையோர அனுமதி ஆகாது. எல்லாம் சேர்த்து முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் தரகரிடம் காசு கொடுத்துவிட்டுச் சுவர் எழுப்பியவர்களுக்கு இடிக்கச் சொல்லி அறிவித்தல் வந்திருக்கிறது, அந்த நேரம் தரகர் ஃபோன் எடுக்கமாட்டார். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். மறுப்பை வாய்வழியாகச் சொல்லி அனுப்பினால் ஏற்காதீர்கள், எழுத்தில் இல்லாத மறுப்புக்கு மேன்முறையீடு செய்ய முடியாது.

எல்லாம் முடிந்து அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் அந்த அனுமதியில் போட்ட நிபந்தனைகள்தான் அடுத்த பிடி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி அவற்றின் பிரதியையும் கண்காணிப்பு அறிக்கைகளையும் தமிழில் எழுதிக் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு உத்தியோகத்தரிடம், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். விண்ணப்பத்தை நேரில் கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான திகதியிட்ட துண்டை வாங்காமல் அந்த மேசையை விட்டு எழும்பாதீர்கள். நிபந்தனைகள் கைக்கு வந்ததும் எந்த மாதம் எதை அளந்து அறிக்கை கொடுக்கவேண்டும் என்று இருக்கிறதோ அந்தத் திகதிகளைச் சங்கத்தின் நாட்குறிப்பில் எழுதிவையுங்கள், திகதி தாண்டிய மறுவாரமே அடுத்த தகவல் விண்ணப்பத்தைப் போடுங்கள்.