வீட்டில் எத்தனை நாள், அலுவலகத்தில் எத்தனை நாள்?

வீட்டிலிருந்து பணியாற்றுவது ஊழியரின் மனநலத்துக்கு நல்லதா என்று ஆராய்வதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு: வீட்டை விரும்புபவர்களே வீட்டைத் தேர்ந்தெடுப்பதால், அவர்களது நிறைவுக்குக் காரணம் வீடா, அவர்களுடைய இயல்பா என்று பிரித்தறிய முடியாது. சீனப் பயண நிறுவனமான சிட்ரிப், 2010-ஆம் ஆண்டின் இறுதியில் தன் ஷாங்காய் அழைப்பு மையத்தில் இதற்கு எளிய வழி கண்டது. தாமாக முன்வந்தவர்களுள் தகுதி பெற்ற ஏறத்தாழ 250 பேரில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் ஒன்பது மாதங்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து பணியாற்ற, மற்றவர்கள் அலுவலகத்திலேயே தொடர்ந்தனர். பிறந்த தேதி ஒருவரின் இயல்பைத் தீர்மானிப்பதில்லை. எண் கணித சோதிடர்கள் மன்னிக்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கலஸ் புளூம் குழுவினரின் கணக்குப்படி, வீட்டுக் குழுவின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. இடைவேளைகளும் நோய் விடுப்பும் குறைந்து, பணி நேரம் கூடியதே அதில் பெரும்பங்கு. வீட்டின் அமைதியில் நிமிடத்துக்குக் கூடுதல் அழைப்புகளைக் கையாண்டது மிச்சப் பங்கு. வேலையில் நிறைவு கூடியது, விட்டு விலகுவோர் பாதியாகக் குறைந்தனர்.

ஆனால், சோதனை முடிந்து விருப்பத் தெரிவு மீண்டும் அளிக்கப்பட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினர். முக்கியக் காரணம் தனிமை. பயண அலைச்சல் நீங்கிய நிம்மதி முதல் நாளிலேயே தெரிந்துவிடும். சக ஊழியருடன் உணவருந்தாததன் வெறுமையோ மாதக் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்வது, அழைப்புகளை எண்ணும் எந்தக் கணினியிலும் பதிவாகாதது. மேலும், ஒரே அளவு திறன் காட்டியவர்களில் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவரை மேலாளர் மறந்துவிடுகிறார் என்பது என் ஊகம்.

அப்படியானால் கேள்வி, வீடா அலுவலகமா என்பதன்று. எத்தனை நாள் என்பதே. டிரிப்.காம் என்று பெயர் மாறிய அதே குழுமம், 2021-இல் 1,612 பட்டதாரி ஊழியரைக் கொண்டு, புதன், வெள்ளி ஆகிய இரு நாள்கள் மட்டும் வீடு என்ற முறையைச் சோதித்தது. ஆறு மாதங்களில் வேலையை விடுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர்; பெண்களிடமும் நெடுந்தூரம் பயணிப்பவர்களிடமும் இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. திறன் மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ ஈராண்டு வரை வேறுபாடு இல்லை. தொடக்கத்தில் உற்பத்தித்திறன் 2.6 சதவீதம் குறையும் என்று கணித்திருந்த மேலாளர்கள், முடிவில் அது 1 சதவீதம் உயர்ந்ததாகக் கருதினர்.