கிரான்பெர்ரி சாஸ் தானாக உறைவது எப்படி?

அடுப்பில் வைத்து நாலைந்து நிமிடம் ஆனதும் பாத்திரத்துக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் பொறுத்தால் இன்னொன்று. அப்புறம் கடுகு வெடிக்கிற மாதிரி வரிசையாக வரும். நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமைக்கு முதல் நாள் ராத்திரி, அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் கேட்கிற சத்தம் இது. விடிந்தால் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாள். வான்கோழிக்குத் தொட்டுக்கொள்ள, கிரான்பெர்ரி என்ற சின்னச் சிவப்புப் புளிப்புப் பழத்தில் சாஸ் தயாராகிறது.

நியூ ஜெர்சிக்குக் குடிவந்த முதல் வருடம் நானும் ஒரு பை பழம் வாங்கிச் செய்து பார்த்தேன். பையின் பின்னால் போட்டிருந்த கணக்கு எளிது. 12 அவுன்ஸ் பழம், அதாவது 340 கிராம். ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். 10 நிமிடம் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ரசம் மாதிரி ஓடியது. பாகு காய்ச்சிப் பழகிய கை அதை இறக்கச் சம்மதிக்குமா? இன்னும் கால் மணி நேரம் கிண்டி, கரண்டியிலிருந்து கெட்டியாக விழுகிற பதத்தில் அடுப்பை அணைத்தேன். காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது கத்தி போட்டுத்தான் வெட்ட முடிந்தது. பல்லில் ஒட்டியது, லேசாகக் கசந்தது.

பாகு இறுகுவது தண்ணீர் வற்றுவதால். அதனால் எவ்வளவு வற்றியது என்பதை வைத்தே பதம் சொல்லிவிடலாம். இந்த சாஸ் அப்படி இல்லை. பழத்துக்குள் இருக்கும் ஒரு பசை வெளியே வந்து, ஆறும்போது வலை பின்னி, தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. சூடாக இருக்கும்வரை அது ஓடத்தான் செய்யும். ஓடுகிறதே என்று மேலும் காய்ச்சினால், ஆறிய பிறகு அளவுக்கு மீறி இறுகிவிடும்.

முதலில் அந்த வெடிச் சத்தத்தைப் பார்ப்போம். ஒரு கிரான்பெர்ரியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் நாலு சின்ன அறைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் சில விதைகள், மற்றபடி வெறும் காற்று. இந்தக் காற்றால்தான் பழம் தண்ணீரில் மிதக்கிறது, தரையில் போட்டால் துள்ளுகிறது. மிதப்பதை விவசாயிகள் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள். கிரான்பெர்ரி தாழ்வான, மணல் கலந்த, அமிலத்தன்மையுள்ள மண்ணில் தரையோடு படரும் கொடி. அறுவடைக் காலத்தில் தோட்டத்துக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு, கொடிகளைக் கலக்கிவிட்டால் பழங்கள் கழன்று மேலே வந்துவிடும். எங்கள் மாநிலத்தின் தெற்கே பைன் பேரன்ஸ் காட்டுப் பகுதியில் அக்டோபரில் இதைப் பார்க்கலாம். ஒரு ஏரி முழுக்கக் குங்குமம் கொட்டியது போல இருக்கும், இடுப்பளவு ரப்பர் உடுப்போடு ஆட்கள் அதற்குள் நின்று பழத்தை ஒதுக்குவார்கள். இப்படி நனைந்த பழம் பெரும்பாலும் சாஸ், ஜூஸ் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போகும். நாம் பையில் வாங்கும் பழத்தை நீர் பாய்ச்சாமல், உலர்ந்த நிலையிலேயே பறிப்பார்கள். நனைந்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதுதான் காரணம்.

வட அமெரிக்காவின் பூர்வகுடிகளுக்கு இந்தப் பழம் நெடுங்காலமாகவே உணவு. இதை முதலில் பயிராக வளர்த்தவர் என்று ஹென்றி ஹால் என்பவரைச் சொல்கிறார்கள். 1816இல் மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியில், காற்று மணலை வாரிப் போட்ட இடத்தில் கொடி இன்னும் செழிப்பாக வளர்வதை அவர் கவனித்தார். இன்று அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வருகிறது.

சரி, அடுப்புக்குத் திரும்புவோம். சூடு ஏற ஏற உள்ளறைகளில் காற்று விரிகிறது, சாறு ஆவியாகி அதோடு சேர்கிறது. அதே நேரத்தில் சதையும் தோலும் இளகிக்கொண்டே வருகின்றன. அழுத்தம் தாங்காமல் தோல் கிழியும்போதுதான் அந்த 'டப்'. பழம் கிழிந்தால்தான் உள்ளே இருக்கும் பசை தண்ணீரில் இறங்கும்.

அந்தப் பசையின் பெயர் பெக்டின். 1825இல் ஹென்றி பிராகொனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைப் பிரித்தெடுத்து விவரித்தார். 'உறைதல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து பூசுவது போல, செடியில் ஒரு செல்லையும் பக்கத்துச் செல்லையும் ஒட்டவைத்திருப்பது இதுதான். காயில் இந்தச் சாந்து உறுதியாக இருக்கும். பழுக்கப் பழுக்க நொதிகள் அதை அறுத்துவிடும், பழம் குழையும். கொய்யா ஜெல்லி செய்கிறவர்கள் கனிந்த பழத்தை விட்டுவிட்டுச் செங்காயாகப் பொறுக்கி எடுப்பது இதனால்தான். கிரான்பெர்ரி நன்றாகச் சிவந்த பிறகும் கெட்டியாகவே இருக்கிற பழம். பெக்டினும் அதில் நிறைய.

பெக்டின் என்பது நீளமான ஒரு சங்கிலி. கேலக்டுரானிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலத்தின் கண்ணிகள் நூற்றுக்கணக்கில் கோத்தது. வலை உருவாக வேண்டுமானால் இந்தச் சங்கிலிகள் ஒன்றையொன்று அங்கங்கே தொட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெறும் தண்ணீரில் அது நடக்காது, இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, சங்கிலியில் உள்ள அமிலப் பகுதிகள் தண்ணீரில் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின் ஏற்றம் பெறுகின்றன. ஒரே ஏற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். இரண்டு, பெக்டினுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு பிடிக்கும். ஒவ்வொரு சங்கிலியும் தன்னைச் சுற்றித் தண்ணீரைப் போர்த்திக்கொண்டு தனியாக மிதக்கும்.

முதல் தடையைப் புளிப்பு நீக்குகிறது. புளிப்பைக் காட்டும் அளவு பிஹெச், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். கிரான்பெர்ரிச் சாற்றில் அது சுமார் 2.5. ஏறக்குறைய எலுமிச்சைக்குப் பக்கத்தில் நிற்கிற புளிப்பு. இவ்வளவு அமிலம் இருக்கும் இடத்தில், இழந்த ஹைட்ரஜன் திரும்பி வந்து ஒட்டிக்கொள்கிறது. ஏற்றம் அடங்குகிறது, தள்ளுவது நிற்கிறது. ஆப்பிள், கொய்யா ஜெல்லிக்கு எலுமிச்சை பிழிகிறார்களே, அதே வேலையை இங்கே பழமே செய்துவிடுகிறது.

இரண்டாவது தடைக்குச் சர்க்கரை வேண்டும். சர்க்கரை தண்ணீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஊறுகாயில் உப்பு செய்வதும் கிட்டத்தட்ட இந்த வேலைதான். பெக்டினைச் சுற்றியிருந்த நீர்ப் போர்வை மெலிகிறது, சங்கிலிகள் நெருங்குகின்றன, சூடு இறங்கும்போது தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்கின்றன. அப்படி உண்டான வலைக் கண்களில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருந்த சாறு உறைகிறது.

ஆகவே இந்த சாஸில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. 100 கிராம் கிரான்பெர்ரியில் இயற்கையாக இருக்கும் சர்க்கரை 4 கிராம் அளவுதான், திராட்சையில் அது சுமார் 15 கிராம். வழக்கமான ஜாமில் பாதிக்கு மேல் சர்க்கரை இருந்தால்தான் உறையும். கிரான்பெர்ரியில் பெக்டினும் புளிப்பும் தாராளமாக இருப்பதால், பையின் பின்னால் சொன்ன கணக்கில் காய்ச்சி இறக்கும்போது சர்க்கரை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே இளகிய உறைவு கிடைத்துவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் செயற்கை இனிப்பு போட்டுச் செய்யும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சிட்டிகை அளவில் போடும் இனிப்பால் தண்ணீரை இழுத்துப் பிடிக்க முடியாது. சாஸ் பழச் சதையால் குழம்பாக இருக்கும், ஜெல்லியாக நிற்காது. ருசியில் குறை இருக்காது.

இந்த உறைவு எவ்வளவு திடமாக நிற்கும் என்பதற்குக் கடைகளில் ஒரு சாட்சி இருக்கிறது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த வழக்கறிஞர் மார்கஸ் யூரன் 1912இல் கிரான்பெர்ரியை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கினார். 1941இல் நாடு முழுக்க ஜெல்லியாக உறைந்த டப்பா சாஸ் கிடைக்க ஆரம்பித்தது. வடிகட்டிய சாறுதான், தோலும் விதையும் இருக்காது. டப்பாவைக் கவிழ்த்தால் உருளையாக வழுக்கி வந்து தட்டில் நிற்கும், டப்பாவின் வளையத் தடம்கூட அதன்மேல் பதிந்திருக்கும். பல அமெரிக்கக் குடும்பங்களில் அந்தத் தடம் தெரியாவிட்டால் பண்டிகை நிறைவாகாது. வீட்டில் செய்வதில் இருக்கிற முழுப்பழமும் வாசனையும் அதில் இல்லை என்பதால் என் ஓட்டு வீட்டு சாஸுக்குத்தான்.

வாசனைக்கு வருவோம். பட்டையின் மணத்துக்குக் காரணம் சின்னமால்டிஹைடு, கிராம்புக்கு யூஜினால். பல்வலிக்குக் கிராம்பு வைத்தால் மரத்துப்போகிறதே, அதைச் செய்வது அந்த யூஜினால்தான். இரண்டும் எண்ணெயில் எளிதாகக் கரையும், தண்ணீரில் கொஞ்சமாகத்தான் கரையும். நம் சமையலில் பட்டை, கிராம்பை எண்ணெயில் தாளிப்பதால் வாசனை நொடியில் இறங்கிவிடுகிறது. இந்த சாஸில் துளி எண்ணெய் கிடையாது. பழத்தோடு சேர்த்துப் போட்டால் பத்து நிமிடக் கொதியில் பாதி ஆவியோடு போய்விடும், மீதி பட்டைக்குள்ளேயே தங்கிவிடும்.

நான் செய்கிற முறை இது. முதலில் தண்ணீரில் ஒரு விரல் நீளப் பட்டை, மூன்றே மூன்று கிராம்பு, தட்டிய இஞ்சி ஒரு துண்டு போட்டு, மூடி வைத்து, சிறு தீயில் பத்து நிமிடம் விடுவேன். மூடியில் பட்ட ஆவி திரும்ப உள்ளேயே சொட்டும், வாசனை வெளியே போகாது. கிராம்பில் கை தாராளமாகக் கூடாது, நாக்கு மரத்து மற்ற எதுவும் தெரியாமல் போய்விடும். பட்டையைப் பொடியாகப் போடுவதையும் தவிர்க்கலாம். பொடி தண்ணீரில் ஊறிக் கொழகொழப்பாகும், பழத்தின் கண்ணாடி நிறமும் கலங்கும். இங்கே கடைகளில் 'சின்னமன்' என்று கிடைப்பது பெரும்பாலும் கேசியா, தடித்த பட்டை, காரமான மணம். இலங்கைக் கறுவா கிடைத்தால் அதைத்தான் போடுவேன். சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்குகளாக இருக்கும், மணம் மென்மையாக வரும், இந்தப் புளிப்போடு நன்றாக இசையும்.

அடுத்து சர்க்கரை. இதில் ஒரு தேர்வு இருக்கிறது. சர்க்கரையைக் கரைத்த பிறகு பழத்தைப் போட்டால், செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் சாந்து கரைவதைச் சர்க்கரை தாமதப்படுத்தும். அதனால் பல பழங்கள் உருண்டையாகவே நிற்கும். வெறும் தண்ணீரில் பழத்தை வெடிக்கவைத்து அப்புறம் சர்க்கரை போட்டால் நன்றாகக் குழையும். எனக்கு முழுப்பழம் அங்கங்கே கடிபட வேண்டும், அதனால் சர்க்கரை முதலில். பழம் போட்டுக் கொதி வந்ததிலிருந்து எட்டுப் பத்து நிமிடம், அவ்வளவுதான். முக்கால்வாசிப் பழங்கள் வெடித்திருந்தால் போதும். இறக்கிய பிறகு ஆரஞ்சுத் தோலின் மேல்பகுதியை மட்டும் துருவிச் சேர்ப்பேன், உள்ளே இருக்கும் வெள்ளை கசக்கும். தோலின் எண்ணெய் சட்டென்று ஆவியாகிவிடும் என்பதால் கொதியில் போட்டு வீணாக்க வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அமுக்கும்.

பதம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சின்னத் தட்டை முன்கூட்டியே ஃப்ரீஸரில் வையுங்கள். சாஸை ஒரு சொட்டு அதில் விட்டு அரை நிமிடம் கழித்து விரலால் கோடு இழுங்கள். இரண்டு பக்கமும் உடனே சேராமல் கோடு தெரிந்தால் உறையும் என்று அர்த்தம். பாத்திரத்தில் எவ்வளவு ஓடினாலும் கவலைப்படாமல் இறக்கிவிடலாம். மறந்துபோய் ஒரு மணி நேரம் காய்ச்சினால் நேர் எதிரான கோளாறு வரும். சூட்டில் அமிலம் பெக்டின் சங்கிலிகளையே துண்டுதுண்டாக நறுக்கிவிடும். அப்புறம் எத்தனை நாள் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் உறைவு வராது, பிசுபிசுப்பான பாகுதான் மிஞ்சும்.

எவர்சில்வர் பாத்திரம்தான் இதற்கு நல்லது. இரும்பும் அலுமினியமும் இந்தப் புளிப்பில் அரிக்கும், நிறமும் மங்கும். சிவப்பு நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது, செம்பருத்தி, நாவல்பழம் ஆகியவற்றில் இருக்கும் குடும்பம்தான். புளிப்பு இருக்கும்வரை சிவப்பாக இருக்கும். ஒரு கரண்டிச் சாற்றைத் தனியே எடுத்துச் சிட்டிகை ஆப்பசோடா போட்டால், நுரைத்துக்கொண்டே ஊதா நீலமாக மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். புளிப்பைக் குறைக்கிறேன் என்று மொத்த சாஸிலும் சோடா போட்டால் நிறமும் போகும், உறைவதும் நின்றுவிடும்.

சாப்பிடும்போது இன்னொன்று கவனியுங்கள். நாவல்பழம் தின்றால் நாக்கு இழுக்கிற துவர்ப்பு இதிலும் உண்டு. பழத்தின் டானின் வகைப் பொருள்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. கொழுப்பான கிரேவியும் வறுத்த இறைச்சியும் வாயில் படிந்திருக்கும்போது இந்தத் துவர்ப்பும் புளிப்பும் வாயைத் துடைத்துவிடும். அடுத்த கவளம் முதல் கவளம் மாதிரியே ருசிக்கும்.

மிஞ்சியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். சர்க்கரையும் புளிப்பும் காப்பதோடு, கிரான்பெர்ரியில் இயற்கையாகவே பென்சோயிக் அமிலம் உண்டு. ஊறுகாய், சாஸ் பாட்டில்களில் சோடியம் பென்சோயேட் என்று அச்சிட்டிருப்பது அதன் உப்புதான். மூன்றாம் நாள் பாட்டிலைத் திறந்தால், கரண்டி அள்ளிய குழியில் கொஞ்சம் சிவப்பு நீர் தேங்கியிருக்கும். வெட்டிய தயிரில் தெளிநீர் ஊறுகிற மாதிரிதான் இதுவும். பெக்டின் வலை இன்னும் கொஞ்சம் இறுகித் தன்னிடமிருந்த நீரைக் கசியவிடுகிறது, கெட்டுப்போகவில்லை. ஒரு கிண்டு கிண்டி, மிச்சமிருக்கும் வான்கோழித் துண்டுகளோடு ரொட்டிக்கு நடுவே வைத்துச் சாப்பிடலாம்.