ஆயுதச் சட்ட வழக்கில் தண்டனையா? மேல்முறையீட்டுக்கு 30 அல்லது 60 நாள்தான்

உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்கு, விசாரணை முடிந்து தண்டனையும் விதித்தாயிற்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் போனால் 5 ஆண்டு சிறை. 2019 திருத்தத்துக்கு முன்பு இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. ஆகவே, சம்பவம் எந்தத் தேதியில் நடந்தது என்பதை முதலில் பாருங்கள்.

குற்றவியல் நடுவர் தண்டித்திருந்தால் அமர்வு நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அமர்வு நீதிமன்றமே தண்டித்திருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், 60 நாள் அவகாசம் உண்டு. தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்கள் கணக்கில் சேராது. சிறைத்தண்டனை பெற்றவருக்கு அந்த நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும். கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரி தனி மனு போட வேண்டும். காரணம் நீதிமன்றம் ஏற்கும்படி இருக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: மேல்முறையீடு போட்டதாலேயே சிறை நின்றுவிடாது. தண்டனையை நிறுத்திவைக்கத் தனியாகக் கேட்க வேண்டும். தண்டனை 3 ஆண்டுக்கு மேல் போகாமல், ஆள் ஏற்கெனவே ஜாமீனில் இருந்தால், தண்டித்த நீதிமன்றமே மேல்முறையீடு செய்யும்வரை ஜாமீன் தரலாம் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 430). தீர்ப்பு வாசித்த அன்றே வழக்கறிஞர் இதைக் கேட்டுவிட வேண்டும்.

சரி, எதை வைத்து வாதாடுவது? ஆயுதம் தன்னிடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது அவர் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்று 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூட்டுக் குடும்ப வீட்டுப் பரணிலோ, நாலு பேர் போன காரின் சீட்டுக்கு அடியிலோ கிடைத்த துப்பாக்கி என்றால் இது பெரிய கேள்வி. அடுத்து, உரிமம் இல்லாத துப்பாக்கி வழக்குக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் பிரிவு 39. அந்த உத்தரவு எந்தத் தேதியிட்டது, முறையாக நிரூபிக்கப்பட்டதா என்று கோப்பில் தேடுங்கள். பறிமுதல் மகஜரில் (பறிமுதல் செய்தபோது போலீஸார் எழுதும் பதிவில்) இருக்கும் பொருளும் ஆய்வுக்கூடம் பார்த்த பொருளும் ஒன்றுதானா, சீல் உடையாமல் போனதா என்பதும் முக்கியம். ‘போலீஸார் மட்டுமே சாட்சி’ என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அவர்கள் சாட்சியம் நம்பும்படி இருந்தால் நீதிமன்றங்கள் ஏற்கின்றன.

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் மட்டுமே கேள்வி கேட்கலாம். தகுந்த சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பில் பதிவுசெய்து 2 ஆண்டுக்குக் கீழே குறைக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

வக்கீல் வைக்கப் பணமில்லையா? காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் தரும். மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அவர் அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும்.