வேகமா அடிச்சா பந்து உள்ள விழுமா? டாப்ஸ்பின்னும் கடலூர்ல செத்துப்போன ஒரு விஞ்ஞானியும்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டாரு. வயசு 41, ஆறு மாசமா கிளப்புல டென்னிஸ் கத்துக்கிறாரு. ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்கமா அடிக்கிற அடி) மெதுவா தட்டுனா நெட்டுல போய் விழுது, கொஞ்சம் ஓங்கி அடிச்சா நேரா பின்னாடி கம்பிவேலியில போய் மோதுது. கோச் என்ன சொல்றாருன்னா, "பயப்படாதீங்க சார், இன்னும் வேகமா வீசுங்க, கீழருந்து மேல இழுத்து வீசுங்க, பந்து தானா உள்ள விழும்". இவருக்கு மண்டை காயுது. ஏற்கெனவே வெளிய போற பந்த இன்னும் வேகமா, அதுவும் மேல பாத்து வீசுனா எப்படிங்க உள்ள விழும், இதுல ஏதாவது அறிவியல் இருக்கா இல்ல அவரு சும்மா தைரியம் சொல்றாரான்னு கேட்டாரு.

கோச் சொன்னது நூத்துக்கு நூறு சரி. எனக்கு இந்த விஷயம் ரொம்பப் புடிக்கும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல கோர்ட் கணக்கு. இந்தப் பக்கக் கடைசிக் கோட்டுலருந்து (அதுதான் பேஸ்லைன்) அந்தப் பக்கக் கடைசிக் கோடு வரைக்கும் 23.77 மீட்டர், நடுவுல நெட் உயரம் 0.914 மீட்டர். நீங்க பேஸ்லைன்ல நின்னு இடுப்பு உயரத்துல, அதாவது தரையிலருந்து 1 மீட்டர்ல, பந்த மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்துல அடிக்கிறீங்கன்னு வைங்க. சுழற்சியே இல்ல, காத்தோட எதிர்ப்பையும் இப்போதைக்கு விட்டுடுவோம். பத்தாங்கிளாஸ் எறிபொருள் கணக்கு போட்டுப் பாத்தா, பந்து கிடைமட்டத்துலருந்து சுமார் 4.9 டிகிரிக்கு மேல கிளம்புனாதான் நெட்டத் தாண்டும், 8.4 டிகிரியத் தாண்டிட்டா அவுட். நடுவுல இருக்கிறது மூணரை டிகிரி, அவ்வளவுதான் உங்க வாசல். இதே பந்த 126 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சா அந்த வாசல் முக்கால் டிகிரிக்கும் கீழ சுருங்கிடுது. டிவியில பாத்துட்டு பளார்னு ஃப்ளாட்டா, அதாவது சுழற்சியே இல்லாம, அடிக்கப் போறவங்க பந்தெல்லாம் ஏன் பக்கத்துக் கோர்ட்டுக்குப் போகுதுன்னு இந்த ஒரு கணக்கே சொல்லிடும். முக்கால் டிகிரின்றது ராக்கெட்ட லேசா சாய்ச்சாலே காலியாகிற அளவு, வாரத்துக்கு மூணு நாள் விளையாடுற கைக்கு அந்தத் துல்லியம் வராது, வரலன்னு வருத்தப்படவும் வேண்டாம்.

இப்ப பந்துக்கு டாப்ஸ்பின் குடுப்போம். அதாவது பந்து போற திசையிலயே உருண்டுக்கிட்டு போகணும், தரையில பந்து உருளும்ல, அதே மாதிரி ஆனா ஆகாயத்துல. அதே 90 கிலோமீட்டர் வேகம், நிமிஷத்துக்கு 2000 சுத்து. இப்ப பந்த கீழ இழுக்கிறது பூமி மட்டும் இல்ல, காத்தும் சேந்து கீழ தள்ளுது, அந்தத் தள்ளு பந்தோட எடையில கிட்டத்தட்ட 40 சதவீதம் வரும். வாசல் கிட்டத்தட்ட ஆறு டிகிரியா அகலமாகிடுது, நெட்டுக்கு மேல ஒரு மீட்டர் உயரத்துல போற பந்துகூட பேஸ்லைனுக்குள்ள வந்து விழும்.

காத்து ஏன் கீழ தள்ளுது? எனக்கு உயிரான இடம் இதுதான்.

உங்க வீட்டு சீலிங் ஃபேன் இறக்கையப் பாருங்க. நாள் முழுக்க அவ்ளோ வேகமா சுத்துது, ஆனாலும் அது மேல தூசி அப்பிக்கிட்டு உக்காந்திருக்கும். அடிக்கிற காத்துல அது பறந்து போயிருக்கணும்ல? போகாது, ஏன்னா இறக்கையோட மேற்பரப்ப ஒட்டி இருக்கிற காத்து இறக்கையோடவே சேந்து சுத்துது, தூசியப் பொறுத்தவரைக்கும் அங்க காத்தே அடிக்கல. எந்தப் பொருளா இருந்தாலும் அத ஒட்டி ஒரு மெல்லிசான காத்துப் போர்வை இருக்கும். டென்னிஸ் பந்துல மேல முடி முடியா கம்பளித் துணி வேற இருக்கா, அது காத்த இன்னும் நல்லாப் புடிச்சுக்கும்.

இப்ப பந்து மேலயே உக்காந்து பயணம் பண்றதா நினைச்சுக்கோங்க. எதுத்தாப்புல காத்து வந்து மோதி, ரெண்டாப் பிரிஞ்சு, பாதி மேல பக்கமாவும் பாதி கீழ பக்கமாவும் போகுது. டாப்ஸ்பின்ல பந்தோட மேல்பக்கம் முன்னாடி பாத்து ஓடுது, அதாவது வர்ற காத்துக்கு எதிரா. அங்க இருக்கிற போர்வைக்காத்து எதிர்நீச்சல் போட முடியாம சீக்கிரமே களைச்சுப்போய் பந்த விட்டுப் பிரிஞ்சிடும். கீழ்ப்பக்கம் பின்னாடி பாத்து ஓடுது, காத்து போற திசையும் அதுதான், அதனால பந்து அந்தக் காத்தக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போற மாதிரி ரொம்ப தூரம் கூட்டிட்டுப் போய், பந்தோட முதுகுப்பக்கம் வரைக்கும் வளைச்சு, மேல பாத்து விட்டுடுது. மேல போன காத்து சீக்கிரம் பிரிஞ்சிடுச்சு, கீழ போன காத்து சுத்தி வளைஞ்சு மேல எழும்புது, ரெண்டையும் சேத்துப் பாத்தா பந்துக்குப் பின்னாடி காத்து மொத்தமா மேல வீசப்படுது. படகுக்காரர் துடுப்பால தண்ணிய பின்னாடி தள்ளுனா படகு முன்னாடி போகுதுல்ல, அதேதான், பந்து காத்த மேல தள்ளுது, காத்து பந்த கீழ தள்ளுது. நியூட்டனோட மூணாவது விதி, வேற ஒண்ணும் இல்ல.

பல புத்தகத்துல இத "ஒரு பக்கம் வேகம் ஜாஸ்தி, அதனால அழுத்தம் கம்மி"ன்னு பெர்னூலி பேரச் சொல்லி ரெண்டு வரியில முடிச்சிடுவாங்க. அது தப்பில்ல, ஆனா அந்தப் பக்கம் வேகம் ஏன் ஜாஸ்தியாச்சுன்னு அதுல இருக்காது. என்னோட வாத்தியாரும் அப்படித்தான் நடத்துனாரு, போர்வைக்காத்து கதை தெரிஞ்சப்பதான் எனக்கு நிம்மதியாச்சு.

நண்பர் கேள்விக்குப் பதில் இங்கதான் இருக்கு. பூமியோட இழுப்பு நீங்க எவ்ளோ வேகமா அடிச்சாலும் மாறாது. இந்தக் காத்துத் தள்ளு அப்படி இல்ல, பந்தோட வேகம் கூடுனாலும் கூடும், சுழற்சி கூடுனாலும் கூடும். ராக்கெட்ட கீழருந்து மேல வேகமா வீசும்போது ரெண்டுமே கூடுது. முன்ன சொன்ன 126 கிலோமீட்டர் பந்துக்கு 3000 சுத்து குடுத்தா காத்தோட தள்ளு பந்தோட எடையில 80 சதவீதத்தத் தாண்டுது, முக்கால் டிகிரிகூட இல்லாத வாசல் 3 டிகிரி ஆகிடுது. டென்னிஸ் வீரர் நடாலோட ஃபோர்ஹேண்ட வேகக் கேமராவுல எடுத்து எண்ணுனவங்க சராசரியா நிமிஷத்துக்கு 3200 சுத்துன்னு சொல்லியிருக்காங்க, அவருக்கு முந்தின தலைமுறை வீரர்களான சாம்ப்ரஸ், அகாசி காலத்துல 1800, 1900 சுத்துதான். அவ்ளோ ஓங்கி அடிச்சும் நடால் பந்து கோட்டுக்குள்ள குத்துனமாதிரி இறங்குனதுக்கு இதுதான் காரணம். நம்ம ஊரு கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது புதுசும் இல்ல, சுழற்பந்து வீச்சாளர் தூக்கிப் போட்ட பந்து பேட்ஸ்மேன் நினைச்ச இடத்துக்கு முன்னாடியே டிப் ஆகுதே, அதாவது சட்டுனு கீழ இறங்குதே, அதுவும் இதே சமாச்சாரம்தான்.

இதுக்கு மேக்னஸ் விளைவுன்னு பேரு. பெர்லின்ல இருந்த குஸ்டாவ் மேக்னஸ் 1850கள்ல சோதனை பண்ணிக் காட்டுனாரு. ஆனா அவருக்கு ரொம்ப முன்னாடியே, 1672ல, நியூட்டன் ஒளியப் பத்தி எழுதுன கடிதத்துல, ராக்கெட்ட சாய்ச்சு அடிச்ச டென்னிஸ் பந்து வளைஞ்சு போறத அடிக்கடி பாத்திருக்கேன்னு எழுதியிருக்காரு (அது இப்ப நாம ஆடுற டென்னிஸ் இல்ல, சுவருக்குள்ள ஆடுற பழைய ஆட்டம்). அத உண்மையிலேயே சோதனை பண்ணிப் பாத்தவரு பெஞ்சமின் ராபின்ஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர். துப்பாக்கிக் குண்டு ஏன் நேரா போகாம விலகுதுன்றது அவரோட கேள்வி. ஒரு மரப் பந்த முறுக்குன கயித்துல தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆடவிட்டாரு, முறுக்கு பிரியப் பிரிய பந்து சுத்துது, சுத்தச் சுத்த ஊஞ்சல் பக்கவாட்டுல விலகுது. அப்புறம் துப்பாக்கிக் குழாயவே இடது பக்கம் வளைச்சு சுட்டாரு, குண்டு மொதல்ல இடது பக்கம் கிளம்பி அப்புறம் வலது பக்கம் வளைஞ்சு போச்சு. அவரோட 1742 புத்தகத்த 1745ல ஜெர்மன்ல மொழிபெயர்த்தவரு சாதாரண ஆள் இல்ல, கணித மேதை ஆய்லர், ஆனா அவரே சுழற்சியினாலன்றத நம்பல, குண்டு சரியான உருண்டையா இல்லாததால வளையுதுன்னு சொல்லிட்டாரு. ஒரு மரப்பந்தும் கயிறும் வச்சிருந்தவருதான் கடைசியில ஜெயிச்சாரு.

இந்த ராபின்ஸ் எங்க செத்தாரு தெரியுமா? நம்ம கடலூர்ல. கிழக்கிந்தியக் கம்பெனி அவர கோட்டைகளச் சீர்படுத்தத் தலைமைப் பொறியாளரா அனுப்பிச்சது, 1750ல வந்தாரு, 1751 ஜூலை 29ந் தேதி தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையில காய்ச்சல்ல போயிட்டாரு, வயசு 44. கோட்டையையும் 1758ல பிரெஞ்சுக்காரங்க புடிச்சு இடிச்சுட்டாங்க. சின்ன வயசுல சில்வர் பீச்சுக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன், இத ஒருத்தரும் சொன்னதில்ல. அந்தப் பக்கத்துல ஏதாவது ஒரு ஸ்கூல்லயாவது கயித்துல பந்தக் கட்டி இந்தச் சோதனைய பிள்ளைங்களுக்குக் காட்டணும்னு எனக்கு ஆசை. செலவு நூறு ரூபாகூட ஆகாது. சென்னை ஐஐடியில விளையாட்டு அறிவியலுக்குன்னே ஒரு மையம் நடத்துறாங்க, நல்ல விஷயம், அந்த மாதிரி அறிவு மாவட்டத்துல காலையில அஞ்சு மணிக்கு வந்து பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற கோச் வரைக்கும் இறங்கணும், ஸ்டேடியம் கட்டுற பணத்துல ஒரு துளிய இதுக்கு ஒதுக்குனா போதும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். டாப்ஸ்பின் இவ்ளோ நல்லதுன்னா ஏன் புதுசா கத்துக்கிறவங்களுக்கு வரமாட்டேங்குது? ஒரு காரணம் பலருக்குத் தெரியாது. எதிராளி எப்படி அடிச்சாலும், தரையில குத்தி எழும்பும்போது தரையோட உராய்வு பந்த முன்பக்கமா உருட்டிவிட்டுடும், அதனால உங்க கிட்ட வர்ற பந்து பெரும்பாலும் டாப்ஸ்பின்னோடதான் வரும். நீங்க அத டாப்ஸ்பின்னா திருப்பி அடிக்கணும்னா, பந்து போற திசை மாறுதுல்ல, அப்ப சுழற்சியையும் மொத்தமா நிறுத்தி எதிர்ப்பக்கம் சுத்தவிடணும். ஸ்லைஸ் பண்ணா, அதாவது பந்துக்கு அடியில சீவி பின்பக்கமா சுத்தவிட்டா, அந்தச் சிரமம் கிடையாது, வந்த சுழற்சி அப்படியே தொடரும். கிளப்புல வயசான மாமாக்கள் எல்லாரும் அழகா ஸ்லைஸ் மட்டும் ஆடுறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொண்ணு, "பந்து மேல மணிக்கட்ட உருட்டு"ன்னு சில பேர் சொல்லிக்குடுக்கிறாங்க. பந்து ஸ்ட்ரிங்ல ஒட்டியிருக்கிற நேரம் ஒரு நொடியில இருநூத்துல ஒரு பங்கு, அதாவது 5 மில்லிசெகண்ட் அளவுதான். பட்டதுன்னு கை மூளைக்குச் சொல்லி மூளை திரும்பக் கைக்குச் சொல்றதுக்குள்ள பந்து ராக்கெட்ட விட்டு எங்கயோ போயிருக்கும். உருட்டுறதுக்கு நேரமே கிடையாது. பந்து படுறதுக்கு முன்னாடியே ராக்கெட் எந்தப் பாதையில வருதோ அதுதான் கணக்கு. அதனால ராக்கெட் தலைய பந்துக்குக் கீழ, முழங்கால் உயரத்துக்கு இறக்கி, முகத்த நேரா நிமித்தி வச்சு, உடம்புக்கு முன்னாடி பந்தச் சந்திச்சு, எதிர்த்தோளுக்கு மேல முடிக்கணும். வெறும் மேல மட்டும் இழுத்துட்டு முன்னாடி தள்ளாம விட்டா பந்து நெட்டுக்குப் பக்கத்துல இருக்கிற சர்வீஸ் பாக்ஸ்லயே சோர்ந்து விழும், அதுவும் நடக்கும், ரெண்டும் சேரணும். ரெண்டு நெட் கம்பத்துலயும் கழி கட்டி நெட்டுக்கு ஒரு மீட்டர் மேல ஒரு கயிறு போட்டு, கயித்துக்கு மேல அடிச்சு உள்ள விழ வைக்கப் பழகுங்க, நெட்டுக்குப் பயந்து ஒட்டி அடிக்கிற பழக்கம் ரெண்டு வாரத்துல குறையும்.

ஸ்ட்ரிங் விஷயம் சுருக்கமா. பாலியஸ்டர் ஸ்ட்ரிங் வழுக்கும், பந்து பட்டதும் நகந்து பட்டுனு பழைய இடத்துக்குத் திரும்பும்போது பந்த இன்னும் சுத்திவிடும், 1997ல பிரேசில் வீரர் குவெர்டன் அத வச்சு பிரெஞ்ச் ஓபன் ஜெயிச்சப்புறம் எல்லாரும் அதுக்கு மாறுனாங்க. ஆனா அது விறைப்பு, மெதுவா வீசுற கைக்கு அந்த லாபம் கிடைக்காது, முழங்கை வலிதான் கிடைக்கும், எனக்கே ஒரு வருஷம் வலிச்சுது. தொடக்கத்துல சிந்தெடிக் கட்னு சொல்ற நைலான் ஸ்ட்ரிங் போதும். ஸ்ட்ரிங் நடுவுல மாட்டுற சின்ன ரப்பர் முழங்கையக் காப்பாத்தும்னு தாயத்து மாதிரி நம்புறாங்க, அத நம்பி வலியோட ஆடாதீங்க. அந்த ரப்பர் ஸ்ட்ரிங் போடுற 'டொய்ங்' சத்தத்தத்தான் நிறுத்தும், கைக்கு வர்ற அதிர்வு ஃப்ரேமோட அதிர்வு, நொடிக்கு நூத்துச்சொச்சம் தடவை ஆடுற 300 கிராம் ஃப்ரேம ரெண்டு கிராம் ரப்பர் நிறுத்தாது.

நண்பருக்கு நான் குடுத்த வீட்டுப்பாடம் இது. ஒரு பழைய பந்துல மார்க்கர் பேனாவால நடுவுல சுத்தி தடிமனா ஒரு கோடு போடுங்க, அதுமேல ஒரு இடத்துல பெரிய புள்ளி வைங்க. யாரையாவது பக்கவாட்டுல நிக்கவச்சு போன்ல ஸ்லோ மோஷன்ல, நொடிக்கு 240 படம் எடுக்கிற மாதிரி வச்சு, நல்ல வெயில்ல எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் ஒவ்வொரு படமா தள்ளி, பந்து ஒரு முழுச் சுத்து சுத்த எத்தனை படம் ஆகுதுன்னு எண்ணுங்க. 14,400ஐ அந்த எண்ணால வகுத்தா நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு வந்துடும், 12 படம்னா 1200, 8 படம்னா 1800. அவரு நேத்து வீடியோ அனுப்பிச்சாரு, உள்ள விழுந்த பந்து ஒண்ணு, 16 படம், அதாவது 900.