வீட்டில் பவர் சப்ளை செய்கிறீர்களா? அது கெடும்போது என்ன செய்யும் என்று முதலில் பாருங்கள்

எலெக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கிய யாருக்கும் சில மாதங்களில் ஒரு தேவை வந்துவிடும். பேட்டரியும் பழைய சார்ஜரும் போதவில்லை, வேண்டிய மின்னழுத்தத்தைத் திருகி வைத்துக்கொள்ள ஒரு பவர் சப்ளை மேசைமேல் வேண்டும், அதை நாமே செய்தால் என்ன என்று தோன்றும். நல்ல எண்ணம்தான். மின்மாற்றி, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடு பிரிட்ஜ், வடிகட்டும் கெப்பாசிட்டர், வெளியீட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர், வெப்பம் என்று அடிப்படைப் பாடங்கள் எல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள் வந்துவிடுகின்றன.

ஆய்வகக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். வீட்டில் செய்த பவர் சப்ளைகளும் அவ்வப்போது என்னிடம் வரும். திறந்து பார்த்தால் சுற்று பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வரைபடத்தைப் பார்த்துக் கவனமாகச் சால்டர் செய்திருப்பார்கள். திருகினால் 5 வோல்ட், 12 வோல்ட் என்று மீட்டரில் அழகாக வந்திருக்கும். இதில் ஏதாவது ஒரு பாகம் கெட்டால் பெட்டி என்ன செய்யும் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு பாகத்திடமும் கேட்கும்படி உங்களைத் தூண்டவே இதை எழுதுகிறேன்.

வீட்டு மின்சாரம், அதாவது மெயின்ஸ், உள்ளே நுழையும் இடத்தில் தொடங்குவோம். உயிர் போகும் ஆபத்து இருப்பது அங்கேதான். பலரும் அந்தப் பகுதியைக் கடைசியாக, அவசரமாக முடிக்கிறார்கள். துளை வழியாக ஒயரை நுழைத்து உள்ளே ஒரு முடிச்சுப் போட்டிருப்பதை நிறையப் பார்க்கிறேன். இது பாதுகாப்பே அல்ல. கணினியின் பின்புறம் இருப்பது போன்ற, ஃபியூஸ் பொருத்தும் இடத்தோடு கூடிய மூன்று முள் சாக்கெட் வையுங்கள். லைன் முதலில் ஃபியூஸுக்கும், அடுத்து லைன், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும் சுவிட்சுக்கும், அதன்பின் மின்மாற்றிக்கும் போகவேண்டும். திறந்த உலோகமாக எந்த முனையும் தெரியக்கூடாது. எல்லாவற்றின்மேலும் ஸ்லீவ் இருக்க வேண்டும். மெயின்ஸ் ஒயரையும் குறைந்த மின்னழுத்த ஒயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள். ஒரு முனை கழன்று தொங்கினாலும் மறுபக்கத்தைத் தொடாதபடி அவற்றைத் தனித்தனியாக இறுக்குங்கள்.

ஃபியூஸின் மதிப்பில் பெரிய அலட்சியம் நடக்கிறது. 100 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) மின்மாற்றி 230 வோல்ட்டில் முழுச் சுமையிலும் சுமார் 0.43 ஆம்பியர்தான் இழுக்கும். அங்கே கையில் கிடைத்த 5 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், மின்மாற்றி கருகிப் புகையும்போதும் ஃபியூஸ் அப்படியே இருக்கும். 630 மில்லி ஆம்பியர், மெதுவாக எரியும் வகை போதும். மின்மாற்றி, அதிலும் வளைய வடிவ டொராய்டு, சுவிட்ச் போட்ட கணத்தில் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். வேகமாக எரியும் ஃபியூஸ் அதற்குத் தாங்காது. அது அடிக்கடி எரிகிறதே என்று பெரிய ஃபியூஸுக்கு மாறியவர்கள்தான் அந்த 5 ஆம்பியரில் வந்து நிற்கிறார்கள்.

டொராய்டு பற்றி இன்னொன்று. அதன் நடுவே செல்லும் போல்ட்டின் கீழ் முனை பெட்டியின் அடித்தகட்டில் இருக்கும். மேல் முனையும் பெட்டியின் மூடியைத் தொட்டுவிட்டால், போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து மின்மாற்றியைச் சுற்றிய ஒரு மூடிய சுற்றாகிவிடும். ஒரே சுற்றுதான், ஆனால் ஷார்ட்டான சுற்று. மிகப் பெரிய மின்னோட்டம் அதில் ஓடும். மூடியைத் திறந்து வைத்துச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மூடியவுடன் ஃபியூஸ் எரியும், அல்லது மின்மாற்றி கொதிக்கும்.

பெட்டி உலோகம் என்றால் எர்த் கட்டாயம். பெயின்டைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு, அதற்கென்றே ஒரு போல்ட்டில் இறுக்குங்கள். மின்மாற்றியைத் தாங்கும் போல்ட்டையே எர்த்துக்கும் பயன்படுத்தக்கூடாது. பெட்டிக்குள் எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். ஒயர் இழுபட்டால் லைன் முதலில் கழலட்டும், எர்த் கடைசியில் கழலட்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச் வீட்டில் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கட்டும், நல்லது. ஆனால் லைனை ஒரு விரலும் நியூட்ரலை இன்னொரு விரலும் தொட்டால் அது கசிவு அல்ல, சுமை. அந்தச் சுவிட்ச் அதைக் கண்டுகொள்ளாது.

இனி வெப்பம். முதல் முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது எல்.எம்.317. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் டாப்கின் 1970களில் வடிவமைத்த இந்த ரெகுலேட்டர் இன்றும் விலைபோகிறது. அதற்குத் தகுதியும் உண்டு. 1.25 முதல் 37 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று டேட்டாஷீட்டின் முதல் பக்கம் சொல்கிறது. இவை இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 வோல்ட் மின்மாற்றியின் உச்சம் ஏறக்குறைய 34 வோல்ட். பிரிட்ஜில் இரண்டு டயோடுகளின் இழப்பு போக 32. அதிலிருந்து ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்கு 3.3 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுக்கிறீர்கள். மீதி 28 வோல்ட்டுக்கு மேல் ரெகுலேட்டரில் விழுகிறது, அதாவது சுமார் 28 வாட் வெப்பம். டி.ஓ.220 என்ற சாதாரண மூன்று கால் உறையில் உள்ளே இருக்கும் சில்லுக்கும் உறைக்கும் இடையே வாட்டுக்கு ஏறத்தாழ 5 டிகிரி வித்தியாசம் வரும். ஆக, சில்லு உறையைவிட 140 டிகிரி சூடாக இருக்கும். அதற்கு அனுமதித்த உச்சமே 125 டிகிரி! வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கைப் பனிக்கட்டியில் வைத்தாலும் இந்தக் கணக்கு தேறாது. மேசையில் அதிகம் தேவைப்படுவது 3.3, 5 வோல்ட்தான். பெட்டி மிகவும் சிரமப்படுவதும் அங்கேதான்.

எல்.எம்.317 இந்த நிலையில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். வெளியீடு சரிந்து, ஆறி, மறுபடி எழும். போர்டு காரணமில்லாமல் ரீசெட் ஆகிறது என்று குழம்புகிறவர்கள் இதைச் சந்தேகப்படலாம். ஆனால் 2என்3055 போன்ற தனி டிரான்சிஸ்டரை வைத்துச் செய்தால் அந்தக் காப்பு இல்லை. அதன் 115 வாட் என்பது உறையை 25 டிகிரியில் பிடித்து வைத்தால் மட்டுமே; உறை 100 டிகிரி ஆனால் 66 வாட்டாகக் குறைந்துவிடும். பவர் டிரான்சிஸ்டர் கெடும்போது பெரும்பாலும் கலெக்டர், எமிட்டர் என்ற அதன் இரு முனைகளும் ஷார்ட் ஆகிவிடும். நீங்கள் 3.3 வோல்ட்டில் வைத்திருந்த போர்டின்மேல் 32 வோல்ட் நேராக இறங்கும். போர்டு மொத்தமும் போய்விடும்.

இதற்கு இரண்டு காரியம் செய்யவேண்டும். ஒன்று, வெப்பத்தையே குறைப்பது. நடு முனை உள்ள 12-0-12 மின்மாற்றி வாங்கி, குறைந்த வெளியீட்டுக்குப் பாதிச் சுருளை மட்டும் ரிலே மூலம் இணைத்தால் மேலே சொன்ன 28 வாட் சுமார் 12 ஆகக் குறையும். மற்றொன்று, வெளியீடு எல்லை மீறினால் எஸ்.சி.ஆர். என்ற மின்னணுச் சுவிட்ச் ஒன்று ஷார்ட் ஆகி ஃபியூஸை எரிக்கும் குரோபார் சுற்று. அந்த எல்லையையும் திருகி வைக்க முடியவேண்டும். 30 வோல்ட்டில் நிரந்தரமாக வைத்த குரோபார் 3.3 வோல்ட் போர்டுக்கு உதவாது.

மின்மாற்றியைப் பற்றிய வேறொரு கணக்கும் பலரிடம் தப்பிவிடுகிறது. சுமை இல்லாதபோது சிறிய மின்மாற்றி எழுதியிருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகத் தரும். மெயின்ஸும் 10 சதவீதம் உயர்ந்தால், 24 என்று எழுதியது 30ஐத் தொடும். கெப்பாசிட்டரில் 40 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். 35 வோல்ட் கெப்பாசிட்டர் வீங்கி வெடிப்பது இதனால்தான். எல்.எம்.317இன் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே தாங்கும் எல்லையும் 40 வோல்ட்தான். எல்.எம்.317 வைப்பதானால் 18 வோல்ட் மின்மாற்றியும் 50 வோல்ட் கெப்பாசிட்டரும் எடுங்கள். 20 வோல்ட் வெளியீட்டோடு நிம்மதியாக இருங்கள். 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் வேண்டுமென்றால் மின்மாற்றி சுமார் 1.6 ஆம்பியர் தரவேண்டும். கெப்பாசிட்டரின் குறுக்கே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தால், அணைத்த பிறகு அது தானாக வடியும்.

அடுத்தது, யாரும் சந்தேகிக்காத பாகமான பொட்டென்சியோமீட்டர், அதாவது திருகி மாற்றும் ரெசிஸ்டர். தினமும் திருகப்படும் பாகம் அதுதான். முதலில் தேய்வதும் அதுதான். எல்.எம்.317 சுற்றில் அது அட்ஜஸ்ட் முனைக்கும் தரைக்கும் இடையே இருக்கிறது. உள்ளே நகரும் தொடுமுனை ஒரு கணம் தடத்தை விட்டு எழும்பினால் அந்த வழி துண்டிக்கப்பட்டு, வெளியீடு முழு உயரத்துக்குத் தாவும். தொடுமுனையை ஓர் ஓரத்தோடு சேர்த்துக் கட்டினாலும் அப்போது முழுத் தடையும் வந்துவிடும். விளைவில் பெரிய மாற்றமில்லை. ஆப் ஆம்ப் (இரண்டு மின்னழுத்தங்களின் வித்தியாசத்தைப் பெருக்கும் ஐ.சி.) வைத்துச் செய்யும் சுற்றில் இதை ஒழுங்காகத் தீர்க்கலாம். தொடுமுனை தருவதை, வெளியீடு எவ்வளவு என்று சொல்லும் ஆணை மின்னழுத்தமாக வைத்து, அதிலிருந்து தரைக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர் போட்டுவிட்டால், தொடர்பு அறுந்தால் வெளியீடு பூஜ்யத்துக்குப் போகும். ஆப் ஆம்ப் சுற்றுகளுக்கும் தனிக் குறை ஒன்று உண்டு. அணைக்கும்போது அதற்கான எதிர் மின்னழுத்தம் முதலில் இறங்கிவிட்டால் வெளியீடு ஒரு நொடி எகிறிவிட்டு அடங்கும். மல்டிமீட்டரில் இது தெரியாது. ஆசிலாஸ்கோப் உள்ள நண்பரிடம் கொண்டுபோய், போடும்போதும் அணைக்கும்போதும் பாருங்கள்.

மின்னோட்ட வரம்பு இல்லாத பவர் சப்ளையை ஆய்வகத்துக்கு ஏற்றதென்று நான் ஒப்புக்கொள்வதில்லை. புதிதாகச் செய்த போர்டை 50 மில்லி ஆம்பியர் வரம்பில் முதல் முறை உயிர்ப்பிக்கும்போது, தலைகீழாக வைத்த ஐ.சி. கூடப் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வரம்பை முழுதாக நம்பாதீர்கள். குழாயை எவ்வளவு இறுக்கினாலும் அதன் கீழே நிறைந்த குடம் இருந்தால் கவிழ்வது குடம்தான். வெளியீட்டின் குறுக்கே 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு, 12 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்று வைத்து ஓர் எல்.ஈ.டி.யை நேரடியாகத் தொட்டால், வரம்புச் சுற்று விழிப்பதற்குள் கெப்பாசிட்டர் தன் ஆற்றலை எல்.ஈ.டி.யில் கொட்டிவிடும். எனவே அந்தக் கெப்பாசிட்டரைச் சுற்று நிலைத்து நிற்கத் தேவையான அளவுக்குச் சிறியதாக வையுங்கள். மின்னழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி, இணைத்து, பிறகு ஏற்றும் பழக்கத்தையும் கைக்கொள்ளுங்கள். முகப்பில் வெளியீட்டுச் சுவிட்ச் வைத்தால், அணைத்த நிலையில் அது கெப்பாசிட்டரையும் ஒரு ரெசிஸ்டர் வழியாக வடிக்கவேண்டும்.

மெயின்ஸ் வேலையில் பழக்கமில்லாதவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி. தரமான 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் ஒன்றை எடுத்து, மின்னழுத்தமும் மின்னோட்டமும் இரண்டும் திருகக்கூடிய, மின்னழுத்தத்தை இறக்கித் தரும் மாட்யூல் ஒன்றை அதன்பின் இணையுங்கள். ஆபத்தான பகுதி மூடிய பெட்டிக்குள் இருந்துவிடும். இரண்டு முள் அடாப்டர்களின் வெளியீடு எர்த்தைப் பொறுத்து மிதந்தபடி, மல்டிமீட்டரில் மெயின்ஸில் பாதி அளவு காட்டும்; மிகச் சிறிய மின்னோட்டம்தான், ஆனால் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரின் கேட் முனைக்கு அதுவே எமனாகலாம். மூன்று முள் உள்ள பலவற்றில் வெளியீட்டின் எதிர்முனை எர்த்தோடு இணைந்திருக்கும். அப்படிப்பட்ட இரண்டைத் தொடராகக் கட்டினாலோ, ஆசிலாஸ்கோப்பின் தரைக் கிளிப்பை வேறு முனையில் மாட்டினாலோ ஷார்ட்தான். வாங்கியவுடன் ஓம் மீட்டரில் பார்த்து, எந்த வகை என்று அதன்மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

பழைய கணினியின் பவர் சப்ளையைத் திறந்து மாற்றியமைக்கும் வேலை மட்டும் வேண்டாம். 230 வோல்ட் மெயின்ஸில் அதனுள் இருக்கும் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கலாம். 12 வோல்ட் வழியில் 15, 20 ஆம்பியர் தயங்காமல் தரும். மெல்லிய ஒயர் ஷார்ட் ஆனால் அது கையிலேயே பழுக்கக் காயும்.

பெட்டி முடிந்ததா? முதல் முறை நேரடியாக மெயின்ஸில் செருகாதீர்கள். லைனில் ஒரு பழைய இழை பல்பைத் தொடராகப் போடுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் பிரகாசமாக எரியும், பெட்டி தப்பும். ஹீட் சிங்க் வெளியே தெரிகிறதா? எல்.எம்.317இன் உலோகப் பகுதி வெளியீட்டோடும், 2என்3055இன் உறை கலெக்டரோடும் இணைந்தவை. மைகா தகடும் புஷ்ஷும் போட்டபின், மல்டிமீட்டரில் பெட்டிக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு குறைந்த மின்னழுத்தம், அதிக மின்னோட்டம் என்ற மோசமான நிலையில் ஒரு மணி நேரம் ஓடட்டும். வெளியீட்டை ஷார்ட் செய்து பாருங்கள். முடிந்தால் 500 வோல்ட் மெக்கரில் மெயின்ஸ் பக்கத்துக்கும் பெட்டிக்கும் இடையே இன்சுலேஷனை அளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. வெளியீட்டில் 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரும் மீட்டரும் மட்டும் இருக்க, 5 வோல்ட்டில் வைத்து, அணைத்துவிட்டு, பொட்டென்சியோமீட்டரின் தொடுமுனை ஒயரைக் கழற்றுங்கள். மூடியை மூடி மறுபடி போடுங்கள். மீட்டர் பூஜ்யத்தைக் காட்டினால் உங்கள் போர்டை இணைக்கலாம். முள் மேலே ஏறினால், இணைக்காமல் வரைபடத்துக்குத் திரும்புங்கள்.